ஜிங்கோ மாத்திரையும் பக்கவாதமும்: வாசகர் கேள்வி பதில்

பக்கவாதம் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரைக்குப் பாலக்காடு, பொள்ளாச்சி எல்லையிலிருந்தும் செங்கோட்டை, காந்தல்லூர் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்தன. ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றில் செய்யும் மாத்திரை பற்றிய கேள்விதான் அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது. நரம்பியல் மருத்துவர் ஒருவரும் மருந்தியல் அறிந்தவர் ஒருவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

அப்பாவுக்கு 68 வயது. நாலு மாதத்துக்கு முன் வலது கையும் காலும் விழுந்துவிட்டது. இப்போது நன்றாகத் தேறி, தோட்டத்துக்குப் போய் வருகிறார். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை மூன்றும் எடுக்கிறார். துபாயிலிருந்து வந்த மச்சான் ஜிங்கோ 120 மி.கி. டப்பா இரண்டு கொண்டுவந்து, "இதைச் சாப்பிட்டால் மறுபடி ஸ்ட்ரோக் வராது, ஞாபகமும் நிற்கும்" என்கிறார். கொடுக்கலாமா?
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

மச்சான் சொன்னதில் இரண்டு விஷயம் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

மறுபடி வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஜிங்கோவை வைத்து நடந்த பெரிய சோதனைகள் இரண்டு. அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேருக்கு 120 மி.கி. வீதம் தினம் இருவேளை இதையோ, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரையையோ கொடுத்து, சுமார் 6 ஆண்டு கவனித்தார்கள். முடிவு 2008இல் வெளியானது. மறதி நோய் வந்தவர்கள் ஜிங்கோ பக்கம் 277 பேர், போலி மாத்திரைப் பக்கம் 246 பேர். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள் ஜிங்கோ பக்கம் 16, மறுபக்கம் 8. இந்த எண்கள் சிறியவை, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் "ரத்தக்குழாய்க்குக் காவல்" என்று விற்கப்படும் பொருளுக்கு இது நல்ல சான்றிதழ் இல்லை. அடுத்தது பிரான்சில் 70 வயது தாண்டிய 2,854 பேரிடம் அதே அளவில் 5 ஆண்டு நடந்து 2012இல் வெளியானது. பக்கவாதம் வந்தவர்கள் ஜிங்கோ பக்கம் 65, போலி மாத்திரைப் பக்கம் 60. காப்பாற்றும் மருந்தாக இருந்தால் இந்த இரண்டு எண்ணும் இவ்வளவு பக்கத்தில் நிற்காது.

இதோடு அப்பா ஏற்கெனவே சாப்பிடும் பிரஷர் மாத்திரையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருமுறை பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்த 6,105 பேரிடம் நடந்து 2001இல் வெளியான சோதனையில், பெரின்டோபிரில் என்ற பிரஷர் மாத்திரையும் தேவைப்பட்டவர்களுக்கு இன்டாபமைடும் கொடுத்தார்கள். 4 ஆண்டில் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் 100க்கு 14லிருந்து 10 ஆகக் குறைந்தார்கள். மருந்துக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மாத்திரைகள் இவை. தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் வழியாகப் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

ஞாபகம் பற்றிய பேச்சில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. சீனாவின் நான்ஜிங் நகரில், அடைப்பால் பக்கவாதம் வந்து ஒரு வாரத்துக்குள் இருந்த சுமார் 350 பேரில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரின் 100 மி.கி. மட்டும், மறுபாதிக்கு அதோடு ஜிங்கோ சாறு நாளுக்கு 450 மி.கி. என்று 6 மாதம் கொடுத்தார்கள். 30 மதிப்பெண் கொண்ட 'மோகா' அறிவுத்திறன் தேர்வில் ஜிங்கோ எடுத்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். முடிவு 2017இல் வந்தது. குறை என்னவென்றால், அங்கே போலி மாத்திரை கிடையாது. தனக்குக் கூடுதல் மருந்து கிடைக்கிறது என்று நோயாளிக்குத் தெரியும், தெரிந்தவர் தேர்விலும் உற்சாகமாகத்தான் உட்காருவார். அளவும், உங்கள் டப்பாவின் 120 மி.கி. மாத்திரையை தினம் இருவேளை எடுப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிகிச்சையும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது, உங்கள் அப்பாவுக்கோ நாலு மாதம் ஆகிவிட்டது.

எங்கள் கருத்து: வாங்கியாகிவிட்டதே என்பதற்காகக் கொடுக்க வேண்டாம். ஞாபகக் குறைவு உண்மையிலேயே இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் டப்பாவோடு போங்கள். அவர் சம்மதித்தால் 240 மி.கி., 3 மாதம், அதற்குமேல் பலன் தெரியாவிட்டால் நிறுத்தம். ஐரோப்பிய மருந்து அமைப்பின் வழிகாட்டியும் லேசான மறதிக்கு ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறது. ஆஸ்பிரினோடு, ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெலும் சேர்த்து எழுதியிருந்தால், இரண்டையும் சேர்த்து எடுக்கும் காலம் முடியும்வரை ஜிங்கோவைத் தொட வேண்டாம்.

ஜிங்கோ கொடுத்த எலிகளுக்கு மூளைச் சேதம் பாதியாகக் குறைந்தது என்று படித்தேன். எலிக்குப் பலித்தது மனிதனுக்கு ஏன் பலிக்கவில்லை?
– சித்தூர் ஆசிரியை

நீங்கள் படித்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாக இருக்க வேண்டும், 2008இல் வந்தது. சுண்டெலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மி.கி. வீதம் 7 நாள் ஜிங்கோ சாறு கொடுத்துவிட்டு, மூளையின் நடுத்தமனியைத் தற்காலிகமாக அடைத்தார்கள். செத்த பகுதி 48 சதவீதம் சிறிதாக இருந்தது. காரணத்தையும் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் அழகு. ஹீம் ஆக்சிஜனேஸ்-1 என்ற நொதியை ஜிங்கோ தூண்டுகிறது. ரத்தச் சிவப்பணுவின் ஹீம் சிதைந்து கொட்டும்போது அதை உடைத்து, செல்லுக்குக் காவலான பொருள்களாக மாற்றுவது அந்த நொதியின் வேலை. அந்த நொதி இல்லாதபடி பிறப்பிக்கப்பட்ட எலிகளுக்கு ஜிங்கோ கொடுத்தபோது பலனும் இல்லாமல் போனது.

இப்போது மனிதனுக்கு வாருங்கள். சுண்டெலிக்குக் கொடுத்த அளவை மனிதனுக்கு மாற்ற 12.3ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு சுமார் 8 மி.கி. வரும், 60 கிலோ ஆளுக்கு 490 மி.கி. அளவில். அதாவது பெரிய சோதனைகளில் கொடுத்ததைப் போல் இரண்டு மடங்கு. இது ஒன்று. எலிக்கு அடைப்பு வரப்போகும் நாள் ஆய்வாளருக்குத் தெரியும், நமக்கு யாரும் தேதி சொல்வதில்லை. ஆய்வுக்கூட எலி இளசு. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பீடி இல்லை. எலிக்கு அடைப்பைக் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டார்கள், மனிதனுக்கு அது எடுக்கப்படுமா என்பது எத்தனை மணிக்கு மருத்துவமனை சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது. எலியில் நன்றாக வேலை செய்து மனிதனிடம் தோற்ற மூளைக்காப்பு மருந்துகள் ஏராளம். நம் ஊரில் இன்றும் பரவலாக எழுதப்படும் சிட்டிகோலின்கூட, 2,298 பேரிடம் நடந்த 2012ஆம் ஆண்டுச் சோதனையில் போலி மருந்தைத் தாண்டவில்லை.

பக்கவாதத்துக்குச் சீனாவில் ஜிங்கோவை ஊசியாகவே போடுகிறார்களாமே? கோவையில் கிடைக்குமா?
– வேலந்தாவளம் வாசகர்

போடுகிறார்கள். ஆனால் அது கடையில் விற்கும் சாறு அல்ல. இலையிலிருந்து ஜிங்கோலைடு என்ற டைடெர்ப்பீன் லாக்டோன்களை மட்டும் பிரித்து, மெக்லுமின் சேர்த்துக் கரைய வைத்த மருந்து. ஜிங்கோலைடு பி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஒட்டவைக்கும் ஒரு வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது. அடைப்பு வந்து 48 மணி நேரத்துக்குள் இருந்த 3,448 பேருக்கு 14 நாள் இந்த ஊசியையோ போலி ஊசியையோ போட்டார்கள். முடிவு 2023இல் வெளியானது. 90ஆவது நாளில் பெரிய குறையின்றித் தன் வேலையைத் தானே செய்துகொண்டவர்கள், ஊசி போட்டவர்களில் 100க்குச் சில பேர் கூடுதல். போலி மருந்தோடு ஒப்பிட்ட பெரிய சோதனை என்பதால் இதை ஒதுக்க முடியாது. ஆனால் சீனாவுக்கு வெளியே, வேறு மருத்துவமுறைச் சூழலில், இதே பலன் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

கோவையில் நீங்கள் தேட வேண்டியது இதை அல்ல. நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் அல்லது டெனெக்டிப்ளேஸ் ஊசியையும், பெரிய குழாய் அடைப்பானால் ரத்தக்கட்டைக் கம்பிவலையால் இழுத்தெடுக்கும் வசதியையும் தேடுங்கள். இழுத்தெடுப்பதைத் தேர்ந்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம்.

சீன ஊசிச் செய்தியை மாத்திரைப் பெட்டியில் ஒட்டி விற்பவர்கள் வருவார்கள். ஊசியின் முடிவை மாத்திரைக்குக் கடன் வாங்க முடியாது.

எல்லையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஜிங்கோ என்று ஐந்தாறு வகை வருகிறது. 40 மி.கி. என்று ஒன்று, 500 மி.கி. என்று ஒன்று. 500தானே பெரியது என்று கேட்டு வாங்குகிறார்கள். எப்படித் தரம் பார்ப்பது?
– கோவிந்தாபுரம் வாசகர்

உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தலைகீழாக வாங்குகிறார்கள். அமெரிக்க, பிரெஞ்சுப் பெரிய சோதனைகளில் பயன்பட்டது ஈஜிபி 761 என்ற ஜெர்மன் தரச் சாறு. 35 முதல் 67 கிலோ உலர் இலைக்கு 1 கிலோ சாறு. அப்படியானால் 120 மி.கி. சாறு என்பது 4 முதல் 8 கிராம் இலை. 500 மி.கி. வெறும் இலைப்பொடி அடைத்த கேப்சூலில் உள்ளது 7 முதல் 14 மி.கி. சாறுக்குச் சமம். ஆகவே அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல. இலைப்பொடியா, சாறா என்பதை.

சாறு என்றிருந்தால் மூன்று விவரம் தேடுங்கள். ஃபிளேவோன் கிளைக்கோசைடு 24 சதவீதம், டெர்ப்பீன் லாக்டோன் 6 சதவீதம், ஜிங்கோலிக் அமிலம் 5 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 5 பங்கு) கீழ். 120 மி.கி. மாத்திரையில் முதலாவது 28.8 மி.கி., இரண்டாவது 7.2 மி.கி. இருக்க வேண்டும். 24 சதவீதத்தை மட்டும் பெரிதாக அச்சிட்டு 6 சதவீதத்தைப் பற்றி மூச்சுவிடாத டப்பாவைச் சந்தேகப்படுங்கள். ருட்டின், குவர்செட்டின் போன்ற மலிவான ஃபிளேவனாய்டுகளை வேறு செடிகளிலிருந்து எடுத்துக் கலந்து 24ஐ எட்டவைப்பது உலகச் சந்தையில் தெரிந்த கலப்படம். லாக்டோனை அப்படி மலிவாக வேறெங்கும் எடுக்க முடியாது, ஜிங்கோவில்தான் இருக்கிறது. ஜிங்கோலிக் அமிலம் ஒவ்வாமை தரக்கூடியது, செல்களுக்கு நஞ்சு. நல்ல தயாரிப்பில் அதை நீக்குவதற்கென்றே தனிப் படி உண்டு. வெறும் இலைப்பொடியில் அந்தப் படியே கிடையாது.

இன்னொன்று. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண் இருந்தால் அது உணவுச் சேர்க்கையாக விற்கப்படும் பொருள். மருந்து உரிமத்துக்குக் கேட்கப்படும் நிரூபணம் அதற்குக் கேட்கப்படுவதில்லை. "பக்கவாதத்தைக் குணமாக்கும்" என்று அட்டையில் எழுத அதற்கு உரிமையும் இல்லை. எழுதியிருந்தால் வாங்கி அடுக்காதீர்கள்.

அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோக்ரெல் சீட்டோடு வருபவர் கையில் ஜிங்கோவையும் கொடுக்க வேண்டாம். இரண்டு கேள்வி கேளுங்கள்: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா? வலிப்பு வந்ததுண்டா? ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள். விற்பனை ஒன்று போகும், போகட்டும்.

அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி அசிட்ரோம் எடுக்கிறார். மறதிக்கு ஜிங்கோ சேர்த்தால் ஐ.என்.ஆர். மாறுமா?
– நெம்மாறை வாசகி

சேர்க்கவே வேண்டாம் அம்மா. ஆரோக்கியமானவர்களிடம் செய்து பார்த்த சிறு சோதனைகளில் அசிட்ரோம் போலவே ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு ஜிங்கோ கொடுத்தபோது, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பெரிதாக நகரவில்லை என்பது உண்மை. ஏமாற்றுவதே அதுதான். ஜிங்கோவின் மேல் இருக்கும் சந்தேகம் தட்டணுக்கள் ஒட்டுவதைப் பற்றியது, ஐ.என்.ஆர். அதை அளக்காது. பரிசோதனைச் சீட்டில் 2.5 என்று ஒழுங்காக இருக்கும்போதே ஈறில், சிறுநீரில், மோசமானால் மூளையில் கசியலாம். மறதிக்கு முதலில் தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம், காது கேட்கும் திறன், மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். திருத்தக்கூடிய காரணம் ஒன்றாவது அகப்படுவது அபூர்வமில்லை.

பல் பிடுங்கவோ கண்புரை அறுவைக்கோ போகும் மற்றவர்களுக்கும் ஒரு சொல்: ஜிங்கோ எடுப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது பத்திரம். அந்த வேகத்தில் ஆஸ்பிரினையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு எனக்கு ஒருமுறை வலிப்பு வந்தது. எப்டாயின் எடுக்கிறேன். ஜிங்கோ?
– வாளையாறு வாசகர்

கூடாது. ஜிங்கோவில், முக்கியமாக அதன் கொட்டையில், வைட்டமின் பி6இன் வேலையைக் கெடுக்கும் ஒரு நஞ்சு இருக்கிறது. பி6 குறைந்தால் மூளையில் வலிப்பை அடக்கும் காபா என்ற பொருள் குறையும். நல்ல சாறில் அந்த நஞ்சு மிகக் குறைவு, ஆனாலும் மருந்தால் அடங்கியிருந்த வலிப்பு ஜிங்கோ சேர்த்த பிறகு திரும்பி வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

ஜிங்கோவுக்குப் பதிலாக வல்லாரை, பிரம்மி போதாதா? அங்காடி மருந்துக்கடையில் பிரம்மி கேட்டால் ஒரு கடையில் ஒரு செடி, இன்னொரு கடையில் வேறு செடி தருகிறார்கள்.
– செங்கோட்டை வாசகி

கேரளத்து வைத்தியர்கள் பிரம்மி என்று எழுதுவது நீர்ப்பிரமியை. தடித்த சிறு இலை, வெள்ளையோ வெளிர்நீலமோ கலந்த பூ, ஈரத்தில் படரும், வாயில் வைத்தால் கசப்பு. வல்லாரை சிறுநீரக வடிவில் வட்ட இலை, நீண்ட காம்பு. சீட்டு எழுதியவரிடமே எது என்று கேட்டு வாங்குங்கள். நீர்ப்பிரமிச் சாறு நாளுக்கு 300 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்த சிறு சோதனைகளில் நினைவாற்றல் கொஞ்சம் கூடியது. அவை நலமாக இருந்தவர்களிடம் நடந்தவை. பக்கவாதத்தைத் தடுக்கும் என்று இரண்டில் எதற்கும் நிரூபணம் இல்லை. வல்லாரைத் துவையல் நல்ல உணவு, சாப்பிடுங்கள். வயல் வாய்க்காலில் பறித்தால் பூச்சிமருந்தும் கழிவுநீரும் சேர்ந்து வரும், ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். துவையலில் உப்பைக் குறையுங்கள். நாளுக்கு மொத்தம் 5 கிராம், ஒரு சிறு கரண்டி, அவ்வளவுதான் எல்லை. பப்படம், கருவாடு, உப்பிலிட்ட மாங்காய் மூன்றும் ஒரே சாப்பாட்டில் வந்தால் அந்த எல்லை மதியத்துக்குள் தாண்டிவிடும். திருவனந்தபுரத்தில் 2005இல் தொடங்கிய பக்கவாதப் பதிவேட்டில் காரணங்களில் முன்னால் நின்றது உயர் ரத்த அழுத்தம்தான்.

ஹோமியோ கடையில் ஜிங்கோ தாய்த்திரவம் தருகிறார்கள். 20 சொட்டு மூன்று வேளை. இது பக்கவிளைவு இல்லாததுதானே?
– கொல்லங்கோடு வாசகர்

நீர்த்து நீர்த்துச் செய்த மருந்து அல்ல தாய்த்திரவம். இலையைச் சாராயத்தில் ஊறவைத்தது. இலையில் உள்ளதெல்லாம் அதிலும் இருக்கும், அளவு தெரியாமல். மேலே சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் பொருந்தும்.

ராத்திரி கை கால் விழுந்தால் எங்கள் பக்கம் முதலில் புறா ரத்தம் தேய்க்கிறார்கள், மூக்கில் சொட்டு விடுகிறார்கள். அந்த நேரத்தில் ஜிங்கோ இரண்டு மாத்திரை கொடுத்தால் உதவுமா? எந்த ஊருக்குக் கொண்டுபோவது?
– மீனாட்சிபுரம் வாசகர்

வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்: ஜிங்கோ, ஆஸ்பிரின், கஷாயம், தண்ணீர் எதுவும். விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். மூக்கில் விடும் சொட்டும் அப்படியே. ஆஸ்பிரின் நல்ல மருந்துதானே என்பார்கள். வந்திருப்பது அடைப்பா கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது, கசிவாக இருந்தால் அது கேட்டைக் கூட்டும். புறா ரத்தம் நரம்பை ஒன்றும் செய்யாது, நேரத்தைத்தான் தின்னும். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன.

செய்ய வேண்டியது இது. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒருபக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108. எல்லையோரத்தில் உங்கள் அலைபேசி பக்கத்து மாநிலக் கோபுரத்தைப் பிடித்திருந்தால் அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டறைக்குப் போகக்கூடும். ஆகவே முதல் வாக்கியத்திலேயே மாநிலம், மாவட்டம், ஊர் சொல்லுங்கள், பிறகு நோய். கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதுங்கள். தூங்கி எழும்போது விழுந்திருந்தால் படுக்கப்போன நேரத்தை எழுத வேண்டும், எழுந்த நேரத்தை அல்ல. நாலரை மணிக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

எந்த ஊர் என்பதை நோய் வரும் முன்பே முடிவு செய்து வையுங்கள். பொள்ளாச்சி, கோவை, பாலக்காடு என்று மூன்று திசை இருக்கிறது உங்களுக்கு. ஒரு பகலில் கேட்டறிய வேண்டியது இவ்வளவுதான்: சி.டி. ஸ்கேன் ராத்திரியிலும் ஓடுமா, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி இருப்பு உண்டா, படம் பார்த்து முடிவெடுக்கும் மருத்துவர் அழைத்தால் வருவாரா. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போனால் அங்கிருந்து மறுபடி ஆம்புலன்ஸ் பிடிப்பதில் நாலரை மணி கரைந்துவிடும். காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தில் செல்லும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், ஜிங்கோ டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு உடன் எடுத்துப் போங்கள். ரத்தம் நீர்க்கும் மாத்திரை எடுக்கிறாரா என்பது தெரியாமல் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட மருத்துவர் தயங்குவார்.

எங்கள் ஊர்க் குளிரில் ஆப்பிளே காய்க்கிறது. ஜிங்கோ மரம் வைத்தால் வருமா? இலையைக் காயவைத்துத் தேநீர் போட்டால் மாத்திரைச் செலவு மிச்சமாகுமே?
– காந்தல்லூர் வாசகர்

குளிர்காலம் உள்ள இடத்தில் வளரும் மரம்தான், முயன்று பார்க்கலாம். தண்ணீர் தேங்காத மண் வேண்டும். மிக மெதுவாக வளரும், காய்க்க 20 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பெண் மரத்தின் பழம் விழுந்து அழுகினால் நாற்றம் தாங்காது, சதைப்பகுதி தோலில் பட்டால் கொப்புளம் போடும். கொட்டையைக் குழந்தைகள் நிறையத் தின்றால் வலிப்பு வரும். ஆகையால் ஒட்டுக்கட்டிய ஆண் கன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

தேநீர் வேண்டாம். 240 மி.கி. சாறுக்குச் சமமாக 8 முதல் 16 கிராம் இலை வேண்டியிருக்கும், அதிலுள்ள ஜிங்கோலிக் அமிலத்தை வீட்டு அடுப்பில் நீக்க வழி கிடையாது. இலையுதிர் காலத்தில் மரம் முழுக்கப் பொன் மஞ்சளாகும், அதற்காக வைக்கலாம்.